சோனியிலிருந்து நிக்கானுக்கு: பாடியை அல்ல, மவுன்ட்டை முதலில் பாருங்கள்

வணக்கம். 2018-இல் வந்த சோனி ஏ7 மார்க் 3 கேமராவை வைத்துக் கல்யாண வேலை செய்பவர், 2024-இல் வந்த நிக்கான் இசட்6 மார்க் 3-க்கு மாறலாமா என்று யோசிக்கிறார் என வைத்துக்கொள்வோம். இரண்டின் சென்சாரும் ஏறத்தாழ 24 மெகாபிக்சல்தான். ஆனால் புதியதன் சென்சார் தரவை மிக வேகமாகப் படித்து வெளியேற்றுவதால், ஓடியாடும் குழந்தைகளை ஃபோகஸ் விடாமல் தொடர்வதிலும் வீடியோவிலும் வேறுபாடு தெரியும். பாடிகளை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராக்களை, ஒப்பிடும் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. பணமும் தலைவலியும் உண்மையில் மவுன்ட்டில், அதாவது லென்ஸைப் பாடியோடு பூட்டும் அமைப்பில்தான் இருக்கின்றன. ஆகவே இந்த வீடியோவில் அதைப் பற்றியே பேசுவோம்.

(திரையில்: லென்ஸ் கழற்றிய இரு கேமராக்கள், பக்கவாட்டு வெட்டுத் தோற்றத்தில்)

லென்ஸ் வந்து உட்காரும் உலோக வளையத்துக்கும் அதன் பின்னே இருக்கும் சென்சாருக்கும் இடைப்பட்ட தூரத்தை ஃபிளான்ஜ் தூரம் என்பார்கள். 2010-இல் அறிமுகமான சோனி ஈ மவுன்ட்டில் இது 18 மில்லிமீட்டர். 2018-இல் அறிமுகமான நிக்கான் இசட் மவுன்ட்டில் 16 மில்லிமீட்டர். ஒவ்வொரு லென்ஸும் தன் மவுன்ட்டுக்குரிய தூரத்தைக் கணக்கில் கொண்டே வடிவமைக்கப்படுகிறது. அந்தத் தூரத்தை விடத் தள்ளி நிற்க வேண்டி வந்தால், அருகில் உள்ளது ஃபோகஸ் ஆகலாம். தொலைவில் உள்ள கோபுரம் ஆகாது.

இதிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. சோனி லென்ஸுக்கு 18 வேண்டும், நிக்கான் பாடியில் 16 இருக்கிறது என்பதால், இடையில் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள அடாப்டர் ஒன்றைப் பொருத்திவிட்டால் கணக்கு நேராகிவிடும். நிக்கான் மவுன்ட்டின் உள்விட்டம் 55 மில்லிமீட்டர், சோனியுடையது சுமார் 46 மில்லிமீட்டர் என்பதால், சிறியதைப் பெரியதன் வாய்க்குள் அடக்கவும் இடம் கிடைக்கிறது. டெக்கார்ட், மெகாடாப் போன்ற நிறுவனங்கள் ஆட்டோஃபோகஸ் இயங்கும்படியான அடாப்டர்களை இப்படித்தான் செய்திருக்கின்றன. எதிர்த்திசையில் இது நடக்காது. நிக்கான் இசட் லென்ஸ் 16 மில்லிமீட்டரில் நிற்க விரும்புகிறது. சோனி பாடியின் வளையமோ 18-இல் இருக்கிறது. அடாப்டரால் தூரத்தைக் கூட்ட முடியுமே தவிர, வெறும் உலோக வளையத்தால் குறைக்க முடியாது. எனவே இன்று நிக்கான் லென்ஸ்களை வாங்கிவிட்டு நாளை சோனிக்கே திரும்ப நினைப்பவர், அவற்றை விற்றுவிட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

(திரையில்: 2 மில்லிமீட்டர் அடாப்டரும் எஃப்டிஇசட் அடாப்டரும் அருகருகே)

பழைய நிக்கான் எஃப் லென்ஸ்களுக்காக நிக்கானே செய்த எஃப்டிஇசட் அடாப்டரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். எஃப் மவுன்ட்டின் தூரம் 46.5 மில்லிமீட்டர் என்பதால் அங்கே 30.5 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. இங்கே கிடைக்கும் 2 மில்லிமீட்டருக்குள் இரு பக்கப் பூட்டுகளும், மின்தொடர்பு முனைகளும், சோனி லென்ஸின் சமிக்ஞையை நிக்கானுக்குப் புரியவைக்கும் சிப்பும் அடங்க வேண்டும். கனமான 70-200 லென்ஸைப் போட்டால், பாடியைப் பிடித்துத் தூக்காமல் லென்ஸின் அடியில் கை கொடுத்துத் தாங்குவது நல்லது. சொந்த லென்ஸில் கிடைக்கும் ஃபோகஸ் வேகத்தை ஒவ்வொரு லென்ஸிலும் எதிர்பார்க்கவும் கூடாது. என்னைக் கேட்டால், அடாப்டர் என்பது லென்ஸ்களை ஒவ்வொன்றாக மாற்றும் வரைக்குமான ஏற்பாடு. தாலி கட்டும் நேரத்தை அதை நம்பி ஒப்படைக்க மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சோனி லென்ஸின் ஃபர்ம்வேரை, அதாவது அதனுள் இயங்கும் மென்பொருளை, நிக்கான் பாடியிலிருந்து புதுப்பிக்க இயலாது. ஆகவே வைத்துக்கொள்ளப் போகும் லென்ஸ்கள் அனைத்தையும் பழைய பாடியை விற்பதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

மூன்றாம் நிறுவன லென்ஸ்களையே நம்பியிருப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். சோனி 2011-இலேயே ஈ மவுன்ட்டின் அடிப்படை விவரங்களை மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டதால், டாம்ரானும் சிக்மாவும் அதற்கு ஏராளமான லென்ஸ்களைச் செய்துவிட்டன. இசட் மவுன்ட்டுக்கு அவை தாமதமாகவே வரத் தொடங்கின. டாம்ரானின் 35-150 லென்ஸ் 2023-இல் வந்தது. அதே ஆண்டில் சிக்மா கொண்டுவந்த மூன்று லென்ஸ்களும், இந்தக் கேமராக்களில் உள்ளதைவிடச் சிறிதான ஏபிஎஸ்-சி சென்சாருக்கானவை. உங்களிடம் உள்ள ஒவ்வொரு லென்ஸுக்கும் நேரான மாற்று இருக்கிறதா, அதன் விலை என்ன என்று எழுதிப் பார்த்தால், பாடியின் விலை அந்தப் பட்டியலில் சிறிய தொகையாகத் தெரியக்கூடும்.

ஃபிளாஷ் விஷயத்தில் அவ்வளவு கவலை வேண்டாம். சோனிக்கான ஸ்பீட்லைட் நிக்கான் பாடியின் மேல் டிடிஎல்-இல், அதாவது ஃபிளாஷ் ஒளியின் அளவைக் கேமராவே முடிவுசெய்யும் முறையில், வேலை செய்யாது என்பது உண்மைதான். ஆனால் கோடாக்ஸ் போன்ற வயர்லெஸ் விளக்குகளை வைத்திருப்பவர் கேமராவின் மேல் பொருத்தி அவற்றை இயக்கும் டிரிக்கரை மட்டும் நிக்கானுக்குரியதாக மாற்றினால் போதும். எஸ்டி கார்டுகளும் பயன்படும், ஆனால் ஒரு ஸ்லாட்டில் மட்டுமே. மற்றது சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி. சோனியின் புதிய பாடிகளுக்காக டைப் ஏ கார்டு வாங்கி வைத்திருந்தால், அளவே வேறு என்பதால் அது இதில் நுழையாது. பேட்டரிக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்: சிபா எனும் கேமரா தயாரிப்பாளர் சங்கத்தின் அளவீட்டின்படி திரையைப் பார்த்து எடுக்கையில் ஏ7 மார்க் 3 ஒரு சார்ஜில் 710 படங்கள் எடுக்கும், இசட்6 மார்க் 3 அதே அளவீட்டில் 400-ஐ ஒட்டியே நிற்கிறது.

கைப்பழக்கமும் மாற வேண்டும். நிக்கானில் லென்ஸைப் பூட்டும் திசை சோனிக்கு நேர் எதிர். மண்டபத்தின் அரை இருட்டில் அவசரமாக லென்ஸ் மாற்றும்போது கை பழைய பக்கமே திரும்பும். முதல் வேலைக்குப் போவதற்கு முன் வீட்டில் பழகிக்கொள்வது அவசியம்.

மாறும் காலத்தில் இரு கேமராக்களையும் ஒரே நிகழ்ச்சியில் பயன்படுத்துவதாக இருந்தால், வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல் இரண்டிலும் ஒரே கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) எண்ணில் வையுங்கள். சோனியின் கோப்புகளுக்காகச் செய்த பிரிசெட், அதாவது எடிட்டிங்கில் சேமித்து வைத்த நிறத் திருத்தம், நிக்கானின் கோப்புகளில் தோல் நிறத்தை வேறுவிதமாகக் காட்டும் என்பதால், நிக்கானுக்கெனத் தனியாக ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் கடிகாரங்களையும் நொடி பிசகாமல் ஒன்றாக வைத்துவிட்டால், எடிட்டிங்கில் நேர வரிசைப்படி அடுக்கும்போது ஊஞ்சல் படங்களுக்கு நடுவே முகூர்த்தப் படங்கள் வந்து விழாது.