கட்டிக் குடுத்த கட்டடத்துலயே காலை வாரின எம்எல்ஏ லிங்கன் | வாண்டேலியா வ்லாக்

வணக்கம் மக்களே! காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது, மைக்ல கர்ர்னு கேக்கும், பொறுத்துக்கோங்க. பின்னாடி வெள்ளையா தெரியுதுல்ல, அதான் இல்லினாய் மாநிலத்தோட பழைய சட்டசபை. ஊரு வாண்டேலியா. தலைநகரம் கைய விட்டுப் போயிடக் கூடாதுன்னு ஊர்க்காரங்களே முன்ன நின்னு 1836-ல அவசர அவசரமா எழுப்பின கட்டடம். டிசம்பர்ல எம்எல்ஏக்கள் வந்து உக்காந்தப்போ சுவத்துப் பூச்சு கூட காயல.

அந்த ஈரச் சுவத்துக்கு நடுவுல உக்காந்தே, 1837 பிப்ரவரி 28-ந்தேதி ஓட்டுப் போட்டு, தலைநகரத்த ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் தூக்கிட்டாங்க. தூக்கின கோஷ்டில முக்கியமான ஆளு ஆபிரகாம் லிங்கன். அப்போ வயசு 28.

நமக்கு லிங்கன்னா தாடி, உயரத் தொப்பி, பெரிய பெரிய பேச்சு. இங்க வந்தவருக்குத் தாடியும் கெடையாது, கையில காசும் கெடையாது. 1832-ல நின்னு தோத்தாரு, 13 பேர்ல எட்டாவது. ஆனா அப்போ குடியிருந்த ஊரு நியூ சேலத்துல மட்டும் 300 ஓட்டுல 277 அவருக்கு! 1834-ல ஜெயிச்சுட்டாரு. சபைக்குப் போட்டுக்கிட்டுப் போக நல்ல துணி இல்ல. ஊர்ல ஒருத்தர்கிட்ட 200 டாலர் கடன் வாங்கி, அதுல 60 டாலருக்கு கோட்டு சூட்டு தச்சுக்கிட்டாரு. சபையில தினப்படி மூணு டாலர். கணக்குப் போட்டுக்கோங்க, இருபது நாள் படி அந்த ஒரு சூட்டுக்கே சரி.

இது போதாதுன்னு, மளிகைக் கடை வச்சு நொடிச்ச கடன் வேற துரத்துது. குதிரை, சேணம், நிலம் அளக்குற சாமான் எல்லாத்தையும் ஜப்தி பண்ணிட்டாங்க. சர்வே பண்ணித்தான் அவருக்குச் சோறே. ஜேம்ஸ் ஷார்ட்னு ஒரு சிநேகிதர் 120 டாலருக்கு ஏலத்துல எடுத்து, அப்படியே திருப்பி அவர் கையில குடுத்தாரு. எம்எல்ஏ ஆனதுக்கப்புறமும் இந்த நெலமைதான்!

சரி, தலைநகரம் எப்படி மாறிச்சு? லிங்கனோட சங்கமன் கவுண்டில (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) இருந்து வந்தவங்க மொத்தம் ஒன்பது பேரு. எல்லாரும் நெட்டைக் கொக்கு. வரிசையா படுக்க வச்சா 54 அடி வரும்னு பேச்சு. 'நெட்டை ஒன்பது'ன்னே பேரு. அதே கூட்டத்தொடர்ல ரயிலு, ரோடுன்னு கோடி டாலர் திட்டம் ஒண்ணும் பாஸ் ஆச்சு. "உன் ஊருக்கு ரயிலு, என் ஊருக்கு தலைநகரம்"னு பேரம் நடந்துச்சுன்னு வாண்டேலியா ஆளுங்க அப்பவே கொதிச்சாங்க. ஆராய்ச்சி பண்றவங்க இன்னும் அடிச்சுக்கிறாங்க. எனக்கென்னமோ பேரமே இல்லாம இது நடந்திருக்கும்னு தோணல. அந்த ரயிலு திட்டம் சில வருஷத்துலயே படுத்து, மாநிலமே கடன்ல முழுகிச்சு, அது தனி வீடியோ.

இன்னொண்ணு. அடிமை முறை அநியாயம்னு லிங்கன் எழுத்துல பதிவு பண்ணதும் இதே சபையிலதான், மார்ச் 3. கூட கையெழுத்துப் போட்டது ஒரே ஒருத்தர், டான் ஸ்டோன். தேதியப் பாத்தீங்களா? தலைநகர ஓட்டு முடிஞ்சு மூணாவது நாள். ஓட்டு கைக்கு வர்ற வரைக்கும் இத எழுத்துல போடல மனுஷன்!

லிங்கன் சபை ஜன்னல்ல இருந்து குதிச்சாருன்னு ஒரு கதை உண்டு, அது இந்தக் கட்டடமான்னு கேப்பீங்க. இல்ல, அது 1840 டிசம்பர், ஸ்பிரிங்ஃபீல்டு. புது சட்டசபை வேலை முடியாததால ஒரு சர்ச்சுல கூடியிருந்தாங்க. கூட்டத்தொடர் முடிஞ்சா ஸ்டேட் பாங்கு தன்னோட நோட்டுக்கு பதிலா வெள்ளிக்காசு குடுத்தாகணும், அது பாங்குக்கு ஆபத்து. அதனால கோரம், அதாவது சபை நடக்கத் தேவையான ஆள் கணக்கு, சேரவிடாம லிங்கன் கட்சிக்காரங்க வெளியவே நின்னுட்டாங்க. உள்ள வேவு பாக்க இருந்தவங்கள்ல லிங்கனும் ஒருத்தர். திடீர்னு ஆள் சேந்துடுச்சு, கதவையும் பூட்டியாச்சு. ஜன்னலத் தொறந்து குதிச்சுட்டாரு! குதிச்சு என்ன, அவரையும் எண்ணி முடிச்சுட்டாங்க. அவரு காலு நீளத்துக்கு ஜன்னல்ல இருந்து தரை எட்டியிருக்கும், அடியே பட்டிருக்காதுன்னு எதிர்க்கட்சிப் பத்திரிகை நக்கல் அடிச்சுது. புது சட்டசபைக்கு இன்னொரு மாடி ஏத்திக் கட்டுங்கப்பான்னு யோசனை வேற.