கல்லட்டி வளைவில் மூடிய புத்தகம்

நடுவர் அவர்களே, வணக்கம். ‘மாணவப் பருவத்துக் கஷ்டம் ஆளை வளர்க்கிறதா, முடக்குகிறதா?’ வளர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா, ‘பசியோடு இருக்கிற பிள்ளைக்குப் பாடம் ஏறுமா?’ என்று கேட்டார். ஏறாது. அதற்காகத்தான் 1982-ல் சத்துணவு வந்தது, 2022-ல் காலை உணவு வந்தது. பசி, அடி, தூக்கமில்லாத ராத்திரி இதெல்லாம் ஒழிக்க வேண்டிய கொடுமைகள். அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். நான் பேசுவது தூரத்தையும் குளிரையும் இருட்டையும் பற்றி.

நம்ம மசினகுடிப் பிள்ளைகளைப் பாருங்கள். ஊட்டிக்குப் படிக்க வரக் கல்லட்டிப் பாதை. 36 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தால் நாலாவது வளைவிலேயே வயிற்றைப் புரட்டும். கண் அசையாத எழுத்தைப் பார்க்கிறது, உள்காதோ உடம்பு சுழல்கிறது என்கிறது, மூளை குழம்பிப்போகிறது. ‘அத்தனை நேரமும் வீண்தானே’ என்றார் அம்மா. வீணில்லை நடுவர் அவர்களே! புத்தகம் மூடியிருப்பதுதான் அந்தப் பிள்ளைக்கு லாபம்.

2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். சிலர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். சிலர் ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து திரும்பத் திரும்ப எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். மறந்ததைத் தேடி எடுக்கிற அந்தச் சிரமம்தான் பாடத்தை ஆழமாகப் பதிக்கிறது.

இதை அந்தப் பஸ்ஸிலேயே செய்யலாம். முந்தின ராத்திரியே ஒரு துண்டுத் தாளில் 12 கேள்வி எழுதிக்கொள்ள வேண்டும். விடை எழுதக் கூடாது. பாதையில்தான் வளைவுக்கு வளைவு நம்பர் பலகை இருக்கிறதே, மூன்று வளைவுக்கு ஒரு கேள்வி. தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூரத்து மலையைப் பார்க்கணும்; குமட்டலும் அடங்கும். விடையை மனசுக்குள் முழு வாக்கியமாகச் சொல்லணும். ‘இது தெரியும்’ என்று தாண்டினால் போச்சு. தெரிந்த மாதிரி இருப்பது வேறு, தெரிவது வேறு. விடை வராத கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கணும். இறங்கியதும் புள்ளி வைத்ததை மட்டும் இல்லை, பன்னிரண்டையும் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கணும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: சரிபார்க்காத தப்பு விடை அப்படியே மனசில் உட்கார்ந்துவிடும். புள்ளி வைத்தவை மறுநாள் தாளிலும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் திரும்ப வரணும்.

டிசம்பர் உறைபனியில் விடிகாலை பேனா எழுதாது; மை இறுகிக் கிடக்கும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து இரண்டு நிமிடம் உருட்டணும். உருட்டுகிற நேரத்தில் நேற்றைய தாளில் புள்ளி வைத்த கேள்விக்கு விடை சொல்லிப் பார்க்கலாம். மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போனாலும் இதே வேலைதான், விளக்கு தேவையில்லை. இப்படி ஒரு வருஷம் படித்த பிள்ளைக்குப் பரீட்சை ஹால் புதுசில்லை. அங்கேயும் புத்தகம் மூடித்தானே இருக்கிறது?

எதிரணி அம்மாவிடம் ஒரே கேள்வி. கதகதப்பான அறையில் மேஜை விளக்கடியில் திறந்த புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளையை, அதை மூடு என்று யார் சொல்வது?

நன்றி, வணக்கம்.