துறைமுகத்தில் காய்ச்சல் பார்த்தால் போதாதா?

வேதாரண்யத்திலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் புதுசாக ஏதாவது சளிக்காய்ச்சல் கிளம்பினால், துறைமுகத்திலேயே எல்லாருக்கும் சூடு பார்த்துத் தடுத்துவிடலாமே, டாக்டர்?"

முடியாது. ஃப்ளூ கிருமி உடம்பில் புகுந்து காய்ச்சலாகத் தெரிய ஒன்றிலிருந்து நான்கு நாள் ஆகும். கப்பல் பயணமோ சில மணி நேரம். இறங்கும்போது நெற்றியில் சூடே இருக்காது. நாளை மறுநாள் கீழ்வேளூரில் சொந்தக்காரர் வீட்டில்தான் இருமல் தொடங்கும். துறைமுகத்தில் பார்க்கட்டும், அதை மட்டும் நம்பி உட்கார முடியாது.

கண் வைக்க வேண்டியது எல்லையோரத்துச் சாதாரண ஓ.பி.யில். அமெரிக்கா–மெக்சிகோ எல்லையில் நடந்ததைச் சொல்கிறேன். 2009 மார்ச் கடைசியில், கலிபோர்னியாவின் இம்பீரியல் கவுண்டியில் 9 வயதுச் சிறுமியைக் காய்ச்சல், இருமலோடு ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனார்கள். அந்தக் கிளினிக் எல்லையோர ஃப்ளூ கண்காணிப்பில் சேர்ந்திருந்ததால் பரிசோதனைக்குச் சளி மாதிரி எடுத்தார்கள்; அதில் ஒரு புதுக் கிருமி இருந்தது. பக்கத்து சான் டியேகோவில் 10 வயதுப் பையனுக்கும் அதே கிருமி. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. உலகத்தையே சுற்றிய எச்1என்1, அதாவது பன்றிக் காய்ச்சல், அப்படித்தான் முதலில் பிடிபட்டது. மெக்சிகோவில் அதற்குள் பலர் படுத்திருந்தார்கள். அதுவும் இதே கிருமி என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இருமுகிற எல்லாருக்கும் மாதிரி எடுப்பதில்லை. 10 நாளுக்குள் தொடங்கிய இருமல், 100.4 டிகிரிக்குக் குறையாத காய்ச்சல், இந்த இரண்டும் உள்ளவர்களில் சிலருக்கு மட்டும். குச்சியை மூக்கின் ஆழத்துக்கு விடுவார்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதை முறித்துச் சின்னக் குப்பியில் போட்டு, ஐஸ் பெட்டியில் லேபுக்கு அனுப்புவார்கள். ரிசல்ட் வருவதற்குள் உங்களுக்கே சரியாகியிருக்கும். "அப்புறம் எனக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்பது நியாயம்தான். அந்தச் சளியை எடுப்பது ஊருக்காக.

நம் பக்கத்தில் ஓட்டை எங்கே என்றால், மீன்பிடிப் படகில். நாலைந்து பேர் ஒரே படகில் நெருக்கியடித்துப் படுத்துவிட்டு அக்கரைப்பேட்டையில் இறங்குவார்கள். நேரே மெடிக்கல். "இருமலுக்கு நாலு மாத்திரை கொடுங்கண்ணே." அவ்வளவுதான், அந்த இருமல் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஒரே படகிலிருந்து மூன்று பேர் இப்படி வந்தால் மெடிக்கல்காரர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போடலாம். சட்டம் வேண்டாம், மனசு இருந்தால் போதும்.

காய்ச்சலோடு போனால், எங்கே போய் வந்தீர்கள், யாரோடு தங்கினீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் மாத்திரை போட்டுப் பார்க்கிற வேலையே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சரி, அடுத்த கேள்வி.