தோமாவின் பேரப்பிள்ளைகள்

நடுவர் அய்யா, பங்குத்தந்தை, மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஊர் மக்கள், எல்லாருக்கும் வணக்கம். தலைப்பு உங்களுக்குத் தெரியும்: 'குழந்தைகள் காணும் மறுவுலகக் காட்சி, அப்படியே நம்ப வேண்டியதா, ஆராய வேண்டியதா?' நாங்கள் ஆராய்கிற அணி.

எதிரணித் தலைவி அக்கா ஒரு போடு போட்டார்கள். "பச்சப் பிள்ளை சொன்னதுக்குச் சாட்சி கேட்கிறார்களே, இவர்களெல்லாம் சந்தேகத் தோமாவின் பேரப்பிள்ளைகள்!" நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் ஒரு பாட்டா விசிலே அடித்தார்.

நன்றி அக்கா. உயிர்த்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீடர்தானே தோமா? ரொம்பப் பெரிய குடும்பத்தில் எங்களைச் சேர்த்துவிட்டீர்கள். தக்கலைப் பக்கம் திருவிதாங்கோட்டில் அரப்பள்ளி என்ற பழைய தேவாலயம் நிற்கிறதே, அது யார் கட்டியது என்று பரம்பரையாகச் சொல்கிறோம்? கி.பி. 63-இல் தோமா கட்டினார் என்கிறோம். பேதுரு கட்டினார் என்கிறோமா? யோவான் கட்டினார் என்கிறோமா? விரல் விட்டுப் பார்க்கணும் என்று அடம்பிடித்தவர்தான் கடல் தாண்டி நம்மிடம் வந்தார்!

மற்றச் சீடர்கள் கண்ணால் பார்த்தபிறகு நம்பினார்கள். தோமா அன்றைக்கு அந்த வீட்டில் இல்லை. அவர் கேட்டதில் என்ன குற்றம்? ஆண்டவர், 'போடா வெளியே' என்றாரா? எட்டு நாள் கழித்துத் திரும்பி வந்து, விரலை நீட்டு, விலாவில் கையை இடு என்றார். ஆண்டவருக்கே வராத கோபம் அக்காவுக்கு வருகிறது!

அடுத்த வசனத்தைச் சொல்லு என்று அங்கிருந்து கை காட்டுகிறார்கள். 'காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர்.' சரி அக்கா, ஒத்துக்கொள்கிறேன். காணாமலே நம்புகிறவருக்குப் பிள்ளை கண்ட காட்சி எதற்கு? உங்கள் வசனம் உங்கள் கட்சியையே காலி பண்ணுகிறதே!

இனி பாத்திமாவுக்கு வருவோம். 1917, போர்ச்சுகலில் உள்ள ஊர். அங்கே மூன்று பிள்ளைகள் மாதாவைக் கண்டதாகச் சொன்னார்கள். லூசியாவுக்கு 10 வயது, பிரான்சிஸ்குவுக்கு 9, ஜசிந்தாவுக்கு 7. ஜூலை 13 அன்று நரகத்தைக் கண்டார்கள். செபமாலையில் ஒவ்வொரு பத்து மணி உருட்டி முடித்த பிறகும், 'எங்களை நரக நெருப்பிலிருந்து மீட்டருளும்' என்கிறோமே, அந்தச் செபம் அன்றைய காட்சியோடு வந்ததுதான்.

ஆகஸ்டில் ஊர் நிர்வாகி மூன்று பேரையும் பிடித்து அடைத்தார். உண்மையைச் சொல்லாவிட்டால் கொதிக்கிற எண்ணெயில் போடுவேன் என்றார். ஒருத்தியை வெளியே கூட்டிப் போனார்கள். மிஞ்சியவர்களிடம், 'அவள் கதை முடிந்தது, அடுத்தது நீ' என்றார்கள். ஏழு வயசுப் பிள்ளை! நாமாயிருந்தால் எண்ணெய் வேண்டாம், சட்டியைப் பார்த்ததுமே எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டிருப்போம். அவர்கள் மாற்றிச் சொல்லவே இல்லை.

உடனே அக்கா, 'பார்த்தீர்களா, அதனால்தான் நம்புகிறோம்' என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த மூவரில் பிரான்சிஸ்கு மாதாவைப் பார்த்தான், குரல் கேட்கவில்லை. மாதா என்ன சொன்னார் என்று மற்ற இருவரிடமும்தான் கேட்டுத் தெரிந்துகொண்டான். எல்லாரும் சூழ்ந்து நிற்கும்போது, 'எனக்கும் கேட்டது' என்று சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. 'எனக்குக் கேட்கல' என்று சொல்லத் துணிந்தான் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்கு அவன்மேல் நம்பிக்கை வருகிறது. குருக்கள் தனித்தனியாக விசாரித்தபோதும் அதையேதான் சொன்னான். அந்தக் காட்சிகளுக்கு ஆயர் ஏற்பு கொடுத்தது 1930 அக்டோபர் 13-இல். பதின்மூன்று வருஷம்! நாம் பதின்மூன்று நிமிஷத்தில் வாட்ஸப்பில் போட்டுவிடுகிறோம்.

அவசரம் எங்கே கொண்டுபோய் விடும்? அமெரிக்காவில் 2004-இல் விபத்தில் அடிபட்ட ஒரு சிறுவன் மோட்சம் போய் வந்ததாகப் புத்தகம் வந்தது, விற்றுத் தீர்ந்தது. 2015-இல் அவனே எழுதினான்: நான் சாகவும் இல்லை, மோட்சம் போகவும் இல்லை, எல்லாரும் கவனிப்பார்கள் என்று சொன்னேன். பதிப்பகம் புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

வீட்டில் ஒரு பிள்ளை, 'நான் மோட்சம் பார்த்தேன்' என்றால் என்ன செய்வது? அன்றைக்கே, அது சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். படம் வரையச் சொல்லுங்கள். அம்மா பக்கத்தில் நின்று கண் காட்டக்கூடாது. 'இறக்கை இருந்ததா?' என்று கேட்காதீர்கள், 'பிறகு என்ன கண்டாய்?' என்று மட்டும் கேளுங்கள். இறக்கையைப் பற்றிக் கேட்டால், முதல் தடவை ஆம் என்று தலையாட்டும். இரண்டாம் தடவை இறக்கை தானாக வந்துவிடும். மூன்றாம் தடவை காலண்டரில் இருக்கிற மாதா நீலச் சேலையோடு இறங்கி வருவார். பிள்ளை ஏமாற்றுகிறது என்று சொல்லவில்லை, நாம்தான் ஊட்டிவிடுகிறோம். இப்படிப்பட்ட காட்சிகள் மறுவுலகத்தின் வெறும் புகைப்படம் அல்ல, காண்கிறவரின் திறனும் எல்லையும் அதில் கலந்திருக்கும் என்று 2000-இல் எழுதியவர் கர்தினால் ராட்சிங்கர், பின்னாளில் திருத்தந்தை. அவரும் தோமாவின் பேரன்தானா அக்கா?

இன்னும் ஒன்று. ஒக்கிப் புயல், 2017 நவம்பர் கடைசி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை. கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேரின் உடல்கூட வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி வைக்கக் குழி இல்லை. இந்தக் கரையில் ஒரு பிள்ளை மோட்சம் கண்டேன் என்றால் முதலில் யார் ஓடி வருவார்? அந்த வீட்டுப் பெண்தான். பிள்ளையின் முகத்தைப் பிடித்துக் கேட்பாள்: "எங்க வீட்டுக்காரர அங்க கண்டியா மக்களே?"

லூசியாவும் அதைத்தான் கேட்டாள். இறந்துபோன ஊர்ப் பெண்கள் இருவரைப் பற்றி, அவர்கள் எங்கே என்று மாதாவிடம் கேட்டாள். கேட்காமல் யாரால் இருக்க முடியும்?

பிள்ளை அவள் கண்ணீரைப் பார்க்கும். 'கண்டேன் மாமி, சிரிச்சிட்டு நின்னாவ' என்று சொல்லும். அது பொய்யா? நடுவர் அய்யா, எனக்குப் பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் மறுநாள் வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள், அதற்கடுத்த நாள் நூறு பேர். அத்தனை பேருக்கும் அந்தப் பிள்ளை மோட்சத்தில் ஆள் தேட வேண்டும். நரகம் கண்ட ஜசிந்தா பாவிகளுக்காகத் தன் மதியச் சோற்றையும் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்தாள். பத்து வயது நிறையுமுன், 1920 பிப்ரவரி 20 இரவு, லிஸ்பனில் மருத்துவமனைக் கட்டிலில் இறந்தாள். அம்மா பக்கத்தில் இல்லை.

அக்கா சிரிக்கவில்லை, பார்க்கிறேன். மணியும் அடித்தாயிற்று. தீர்ப்பை எந்த அணிக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் அய்யா. ஆராய வந்த நானே சொல்கிறேன், அந்தப் பெண்ணிடம் 'கண்டேன்' என்று சொன்ன பிள்ளையிடம் மட்டும் இன்னொரு கேள்வி கேட்க வேண்டாம். வணக்கம்.