கண்ணை மூடினால் கணக்குதான் வருகிறது, என்ன செய்வது?

சரி, அடுத்த கேள்வி சேடபட்டி பக்கத்தில் இருந்து, ஒரு கிராம சுகாதார செவிலியர் கேட்டிருக்கிறார். "மன அழுத்தம் குறைய மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கிற பயிற்சி கொடுத்தார்கள். கண்ணை மூடி உட்கார்ந்தால் பிக்மி (கர்ப்பிணிகளின் விவரம் ஏற்றும் அரசு இணையதளம்) பதிவும் புதன்கிழமை தடுப்பூசிக் கணக்கும்தான் வந்து நிற்கிறது. எனக்கு இது சரிப்படாதா?"

நன்றாகவே சரிப்படும், சகோதரி. கணக்கு வந்ததில் தப்பே இல்லை. 'அட, மனசு கணக்குக்குப் போய்விட்டதே' என்று கவனித்தீர்கள் அல்லவா, பயிற்சியே அதுதான். போன மனசைத் திட்டாமல் மூச்சுக்குக் கூட்டி வாருங்கள். மறுபடி போகும், மறுபடி கூட்டி வாருங்கள்.

1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் இந்தப் பயிற்சியை வகுப்பாகத் தொடங்கினார். இப்போது அது 8 வார வகுப்பு. வீட்டில் முக்கால் மணி நேரம் தனியாகப் பயிற்சி வேறு. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதைப் பார்த்துக்கொள்வது நீங்கள். சித்திரை வெயிலிலும் வீடு வீடாக ஏறி இறங்குகிற உங்களுக்கு அது நடக்கிற காரியமா? அதனால் வேலைக்குள்ளேயே வையுங்கள். முறையாகக் கை கழுவ எப்படியும் 40 முதல் 60 நொடி ஆகும். அந்த நேரம் தண்ணீரின் குளிர்ச்சி, சோப்பு வழுக்குவது, விரல் இடுக்கில் விரல் போய் வருவது, இதை மட்டும் கவனியுங்கள். அடுத்த வீட்டுப் படியேறும் முன் மூன்று மூச்சு. இழுப்பதை விட விடுவது நீளமாக இருக்கட்டும். மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைச் சற்று மெதுவாக்கும். முந்தின வீட்டில் வாங்கிய பேச்சை இந்த வீட்டு வாசல் வரை சுமந்து போகாமல் இருக்க இது ரொம்பவே உதவும்.

ஆனால் ஒன்று. பிரசவத்தில் ஒரு தாயோ குழந்தையோ போனதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு, கண்ணை மூடியதும் அந்தக் காட்சியே வரலாம். அப்போது வலுக்கட்டாயமாக உட்காராதீர்கள். கண்ணைத் திறந்து, பாதம் தரையில் பதிந்திருப்பதைக் கவனியுங்கள். தூக்கம் கெட்டுப்போகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், இதைப் பார்க்கிற அதிகாரிகளுக்கு: காலியிடத்தை நிரப்பாமல், ஒரே கணக்கை நோட்டிலும் ஆன்லைனிலும் ஏற்றச் சொல்லிவிட்டு, மூச்சைக் கவனி என்றால் அது நியாயமே இல்லை. பயிற்சியை வேலை நேரத்திலேயே கொடுங்கள். அதற்கென்று ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாதீர்கள்.