ஐந்து மீற்றர் கம்பியில் 7.1 மெகாஹேர்ட்ஸ்

(காட்சி: உப்புவெளி மணலில் நட்ட நீளத் தூண்டில் தடி. அதோடு சேர்த்துக் கட்டிய செப்புக்கம்பி.)

அமெச்சூர் வானொலிக்காரர் பேசும் 7.1 மெகாஹேர்ட்ஸுக்குக் கால் அலைநீள அன்ரனா ஏறக்குறைய 10 மீற்றர் வரும். கடற்காற்றில் அதை நிமிர்த்தி வைப்பது லேசில்லை. 5 மீற்றர் கம்பியும் அடியில் ஒரு சுருளும் போதும்.

நிமிர்ந்த கம்பிக்கும் நிலத்துக்கும் இடையிலான மின்புலம்தான் கொள்ளளவம். கம்பியைச் சுற்றி எழும் காந்தப்புலம் தூண்டம். 10 மீற்றரில் இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். பாதியாக வெட்டினால் கொள்ளளவத்தின் கை ஓங்கும்: 2 மில்லிமீற்றர் கம்பிக்குச் சுமார் 535 ஓம். அதை ஈடுகட்ட 12 மைக்ரோஹென்றி தூண்டமுள்ள சுருள் தேவை.

(காட்சி: சுருள் சுற்றும் கைகள், கிட்டத்தில்.)

வெளிவிட்டம் 50 மில்லிமீற்றர் பிவிசி குழாய், 1.5 மில்லிமீற்றர் எனாமல் கம்பி 4 மீற்றர். அதே தடிப்புள்ள தங்கூசியை (நைலோன் தூண்டில் நூல்) கம்பியோடு சேர்த்து 22 சுற்றுச் சுற்றி, பிறகு தங்கூசியை உருவிவிடுங்கள். இடைவெளி சீராக விழும். 19ஆம் சுற்றை அண்டி எனாமலைச் சுரண்டிக் கிளிப் போடுங்கள்.

அன்ரனா எந்த அலைவரிசையில் ஒத்திசைகிறது என்று காட்டும் கருவியான நானோ விஎன்ஏ 6.9 மெகாஹேர்ட்ஸ் காட்டினால் சுற்று கூடிவிட்டது. ஒரு சுற்று குறைத்தால் 180 கிலோஹேர்ட்ஸ் அளவில் ஏறும், ஆகவே கால் கால் சுற்றாக நகர்த்துங்கள். அளக்கும்போது தள்ளி நில்லுங்கள். உங்கள் உடம்பும் கொள்ளளவம் சேர்க்கும்.

இனித்தான் பலர் ஏமாறும் இடம். இந்த உயரத்துக்குக் கதிர்வீச்சுத் தடை (அலையாக வெளியேறும் சக்திக்குரிய பங்கு) 6 ஓம் சொச்சம், சுருளின் இழப்பு 3 ஓம். கேபிளோடு அன்ரனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் 1 என்று அழகாக வந்தால், மொத்தம் கேபிளின் 50 ஓமுக்குச் சமம். அப்படியானால் மிச்ச 40 ஓம் எங்கே? நிலத்தில். உங்கள் வாற்று மணலைத்தான் சூடாக்குகிறது. 5 மீற்றர் நில வயர்கள் 16ஐ ஈர மணல் பக்கமாக விரித்தால் மொத்தம் 20 ஓமுக்கு இறங்கலாம், எஸ்டபிள்யூஆர் 2.5 ஆக ஏறும். பயப்பட வேண்டாம், அன்ரனா தேறிவிட்டது. முக்கால் சுற்றுக் கூட்டி, கேபிள் முனைக்கும் நிலத்துக்கும் குறுக்கே 550 பிகோபரட் சில்வர் மைக்கா மின்தேக்கி போட்டால் மறுபடி 50 ஓம்.

(காட்சி: சுருளின் மேல்முனை.)

100 வாற்றில் இங்கே 1,200 வோல்ற் தாண்டும். தொடக்கூடாது. உப்புப் படிந்தால் சுற்றுகளுக்கிடையே கசிவு கூடும், குழாய் கருகும். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, அடியில் துளையிட்ட மூடி போடுங்கள். கறுத்த கோடு விழுந்த குழாயைச் சுரண்டி மினக்கெட வேண்டாம். கரி மின்னைக் கடத்தும், புதுக் குழாயில் சுற்றுங்கள்.