60 வருடம் தீயணைப்பு வீரர், ஆனால் வேலை ஹார்டுவேர் கடையில், எப்படி?

அடுத்த கேள்வி ஒரு அம்மா அனுப்பியது. அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அந்தச் சின்ன ஊரில் 90 வயது தாண்டிய ஒரு பெரியவர் இறந்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் இருந்தவர், 60 வருடம் தீயணைப்பு வீரர் என்று இரங்கல் குறிப்பில் போட்டிருக்கிறார்கள், ஆனால் ஆயுசு முழுக்க ஹார்டுவேர் கடையில்தான் வேலை பார்த்தாராம். சவப்பெட்டியைத் தீயணைப்பு வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள், இது எப்படி சார், அந்த வேலைக்கு ரிட்டயர்மெண்டே கிடையாதா என்று கேட்கிறார்.

அம்மா, குழப்பம் வருவது நியாயம்தான். நம்மிடம் தீயணைப்பு என்றால் அரசு வேலை, போலீஸோடு சேர்த்து பரீட்சை வைத்து ஆள் எடுப்பார்கள், வயதானால் பென்ஷன். அங்கே பெரும்பாலும் நகரங்களில்தான் அப்படி. 2020 கணக்குப்படி அமெரிக்காவில் சுமார் 10 லட்சத்து 41 ஆயிரம் தீயணைப்பு வீரர்கள், அதில் 6 லட்சத்து 76 ஆயிரத்துக்கு மேல், அதாவது மூன்றில் இரண்டு பங்கு, சம்பளமில்லாத தன்னார்வலர்கள். இந்தப் பழக்கம் அவர்கள் நாடு பிறப்பதற்கு முந்தையது. 1736இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் அக்கம்பக்கத்து ஆட்களைச் சேர்த்து, ஆளுக்குத் தோல் வாளி வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி போட்டு ஒரு சங்கம் ஆரம்பித்தார், அதே கதைதான் சின்ன ஊர்களில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. சிலி நாட்டில் தலைநகரத்திலேயே அத்தனை பேரும் தன்னார்வலர்கள்தான், அது வேறு விஷயம்.

நான் முதன்முதலில் பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் தங்கியபோது மத்தியானம் சரியாக 12 மணிக்கு ஒரு சங்கு ஊதியது பாருங்கள், நம்ம மில் சங்கு மாதிரி, பயந்தே போய்விட்டேன். தீயணைப்பு நிலையத்துக் கோபுரத்தில் இருக்கும் சங்கு சரியாக இருக்கிறதா என்று தினமும் ஒரு தரம் ஊதிப் பார்ப்பார்களாம். வேறு நேரத்தில் ஊதினால் எங்கோ தீ என்று அர்த்தம், கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருப்பவர் தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார், முதலாளியும் ஒன்றும் சொல்ல மாட்டார், ஏனென்றால் பல ஊர்களில் முதலாளியும் கூடவே ஓடுவார். நிலையத்தில் சுவரோரமாக வரிசையாகப் பூட்ஸ் நிற்கும், ஒவ்வொரு பூட்ஸைச் சுற்றியும் கால்சட்டையை வளையமாகச் சுருட்டி இறக்கி வைத்திருப்பார்கள். காலை உள்ளே விட்டு வாரைப் பிடித்து மேலே இழுத்தால் பூட்ஸும் கால்சட்டையும் ஒரே இழுப்பில் ஏறிவிடும். அப்புறம் பேஜர் வந்தது, இப்போது ஃபோனிலேயே அழைப்பு வருகிறது.

சரி, போருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்தப் போரில் அமெரிக்கப் படைகளில் இருந்தவர்கள் 1 கோடியே 60 லட்சம் பேர். 20, 22 வயதில் ஊர் திரும்பியவர்களுக்குக் குழுவாக வேலை செய்து பழக்கம், ராத்திரி எழுப்பினால் ஏன் என்று கேட்காமல் எழுந்து வருவார்கள், கப்பற்படையில் இருந்தவர்களுக்குத் தீயணைப்புப் பயிற்சியே உண்டு, ஏனென்றால் நடுக்கடலில் கப்பலில் தீப்பிடித்தால் வேறு யாரும் வரமாட்டார்கள். அவர்கள் பின்னாலேயே படையின் உபரி லாரிகளும் ஜீப்புகளும் ஊருக்கு வந்து சேர்ந்தன, அதில் தண்ணீர்த் தொட்டியை ஏற்றித் தீயணைப்பு வண்டியாக்கினார்கள்.

இப்போது அந்த 60 வருடக் கணக்கு. 85 வயதில் அவர் ஏணி ஏறினார் என்று யாரும் சொல்லவில்லை. இளவயதில் குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார், 50, 60 ஆனதும் வண்டி ஓட்டுவார், இல்லை பம்ப் பக்கத்தில் நிற்பார், இந்த பம்ப் வேலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், கிராமத்துப் பக்கம் தீயணைப்புக்கென்று தெருவில் வைக்கும் தண்ணீர்க் குழாய் கிடையாது, டேங்கர் கொண்டுவந்த தண்ணீரை ரோட்டோரம் விரித்த தார்பாய்த் தொட்டியில் கொட்டி அங்கிருந்து உறிஞ்ச வேண்டும், அது வற்றினால் உள்ளே இருப்பவன் கதி அவ்வளவுதான். இன்னும் வயதானால் ரோட்டில் நின்று வண்டிகளைத் திருப்பி விடுவார், கணக்குப் புத்தகம் எழுதுவார், வண்டி வாங்கப் பணம் சேர்க்க நடத்தும் பான்கேக் விருந்தில் அடுப்படியில் நிற்பார். பட்டியலில் பெயர் கடைசி வரை இருக்கும்.

காசு? சம்பளம் கிடையாது. சில மாநிலங்களில் சேவை வருடத்தைக் கணக்கிட்டு வயதான பிறகு ஒரு சின்னத் தொகை தருகிறார்கள், சில இடங்களில் வரிச் சலுகை. பணியில் இறந்தால் குடும்பத்துக்கு மத்திய அரசின் உதவித்தொகை உண்டு, 1976 சட்டம், தன்னார்வலர்களும் அதில் அடக்கம். ஆனால் அந்தத் தலைமுறை, வாயில் முகமூடி இல்லாமல் புகையை அப்படியே குடித்த தலைமுறை. தீயணைப்பு வேலையே புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022இல்தான் வகைப்படுத்தியது. அப்படிப் பார்த்தால் இவர் 90 தாண்டியது பெரிய விஷயம். இப்போது இதற்கு ஆள் கிடைப்பதும் குறைந்துவிட்டது, 1980களில் தன்னார்வலர்கள் 9 லட்சத்துக்குப் பக்கத்தில் இருந்தார்கள். வேலை 40 மைல் தள்ளி இருந்தால் சங்கு ஊதி என்ன பிரயோஜனம்?

கடைசியாக அந்தச் சடங்கு. சவப்பெட்டி மேல் விரிக்கும் தேசியக் கொடி ராணுவச் சேவைக்காக அரசு தருவது, அதை முக்கோணமாக மடித்து மனைவியிடமோ பிள்ளையிடமோ கொடுப்பார்கள், பியூகிளில் 24 ஸ்வரம் கொண்ட ஒரு மெட்டை வாசிப்பார்கள். 13 மடிப்புக்கும் ஒவ்வொரு அர்த்தம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அரசு அப்படி எதுவும் சொல்லவில்லை. தீயணைப்பு வண்டியும் மணியும் அவருடைய நிலையத்தின் மரியாதை. மணியை ஐந்து ஐந்தாக மூன்று முறை அடிப்பார்கள், தந்தியில் செய்தி போன காலத்தின் மிச்சம் அது. அப்புறம் எல்லோருடைய ரேடியோவிலும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவருடைய எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பதில் வராது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிடுவார்கள். மூன்றாவது தடவையும் பதில் வராமல் போனதும், இவர் தன் கடைசி அழைப்புக்குப் போய்விட்டார் என்று அறிவித்துவிட்டு ரேடியோவை அமைதியாக விட்டுவிடுவார்கள்.